ராணுவ லைசென்ஸிலிருந்து சிவில் லைசென்ஸுக்கு: படையை விட்டு வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பதினேழு வருடம் ராணுவத்தில் வண்டி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவன் நான். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தெருவுக்குத் தெரு படையில் இருப்பவர்கள் உண்டு. மாதத்துக்கு ஒருவராவது டிஸ்சார்ஜ் ஆகி வந்து, "அண்ணே, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு எட்டு வர்றீங்களா" என்று கேட்பார். போய்ப் போய், எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வண்டி ஓட்டுவதில் யாரும் விழுவதில்லை. சியாச்சின் பாதையில் ஸ்டாலியன் லாரி ஓட்டியவருக்கு ஆற்காடு ரோடு ஒரு பொருட்டா? விழுவதெல்லாம் தாளில்தான். அதுவும் யூனிட்டில் இருக்கும்போதே வாங்கியிருக்க வேண்டிய தாளை, ஊருக்கு வந்த பிறகு தேடும்போதுதான்.

அதனால் இந்த வழிகாட்டியின் பாதி, நீங்கள் இன்னும் சீருடையில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர்களும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். விட்டதைப் பிடிக்கும் வழியையும் அங்கேயே சொல்லியிருக்கிறேன். டிரைவர் லைசென்ஸைத்தான் விரிவாக எழுதுகிறேன். மற்றத் தொழில்களுக்கு முக்கியமான எச்சரிக்கைகளைப் பின்னால் வைத்திருக்கிறேன்.

1. கையில் இருக்கும் லைசென்ஸ் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 18-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ராணுவ டிரைவர்களின் லைசென்ஸ் அந்தப் பிரிவின் கீழ் வருவது. மத்திய அரசுக்குச் சொந்தமான, நாட்டின் பாதுகாப்புப் பணிக்குப் பயன்படும் வண்டிகளை இந்தியா முழுக்க ஓட்ட அது அனுமதி தருகிறது. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, வேறு எந்த வண்டியையும் அந்த லைசென்ஸை வைத்து ஓட்டக்கூடாது என்று நேராகவே சொல்கிறது.

ஆகவே யூனிட் கேட்டுக்கு வெளியே, உங்கள் சொந்த காரில் உட்கார்ந்தால்கூட, சட்டத்தின் கண்ணில் உங்களிடம் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அது சின்னத் தொல்லைதான். பெரிய தொல்லை விபத்து நடந்தால் வரும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், வெளியே வந்த மறுமாதமே மைத்துனரின் டிப்பரை எடுத்துவிட்டார். சட்டைப்பையில் ராணுவ லைசென்ஸ் இருந்த தைரியம். ஒரு பைக்காரருக்குக் கால் முறிந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் "டிரைவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை" என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு அந்தத் தொகையை மைத்துனரிடம் வசூலிக்க வழக்கை நகர்த்தியது. வண்டியை விற்றுத்தான் அவர் மீண்டார். இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான இடமும் உண்டு. 9-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவில், யாருக்கெல்லாம் ஓட்டுநர் தேர்வு தேவையில்லை என்ற பட்டியல் வருகிறது. 18-வது பிரிவின் கீழ் அதே வகை வண்டிக்கு லைசென்ஸ் வைத்திருப்பவரும், முன்பு வைத்திருந்தவரும் அதில் இருக்கிறார்கள். சாதாரண லைசென்ஸ் காலாவதியானவருக்கு அந்தப் பட்டியல் ஐந்து ஆண்டு வரம்பு வைக்கிறது. 18-வது பிரிவுக்காரருக்கு அந்த வரம்பை எழுதவில்லை. வெளியே வந்து ஏழு வருடம் ஆகிவிட்டதே என்று சோர்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

விலக்கு தேர்வுக்கு மட்டும்தான். விண்ணப்பம், மருத்துவச் சான்று, கட்டணம் எல்லாம் எல்லாரையும் போலத்தான். "அதே வகை வண்டி" என்ற சொல்லையும் மறக்காதீர்கள். அதற்குத்தான் 3-வது படி.

2. பெயர், பிறந்த தேதி, முகவரி: மூன்றையும் முதலில் ஒத்துப் பாருங்கள்

வேறு எந்தத் தாளையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்கிறேன். காரணம், தப்பான பெயரில் பத்துச் சான்றிதழ் வாங்கி வைத்தாலும் பத்தும் வீண்.

நம் பெயருக்கும் ராணுவ ஆவணங்களுக்கும் ஆதியிலிருந்தே ஒத்துப்போவதில்லை. நமக்கு இருப்பது ஒரு பெயர், ஒரு இனிஷியல். ஆள்சேர்ப்பு அன்று கிளார்க் "சர்நேம் என்ன" என்று கேட்டிருப்பார். பதற்றத்தில் அப்பா பெயரைச் சொல்லியிருப்போம். ஆதாரில் "முருகன் எஸ்", டிஸ்சார்ஜ் புக்கில் "முருகன் சுப்பிரமணி", பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். முருகன்". இதுவாவது பரவாயில்லை. வடக்கத்தி கிளார்க் காதில் கேட்டபடி எழுதிய "முர்கன்" ஒன்றை ஒருவரிடம் பார்த்தேன். ஒரே ஒரு எழுத்துதான் குறைவு. அதற்கு அவர் நான்கு மாதம் அலைந்தார்.

பணியில் இருப்பவர்: பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், ராணுவப் பதிவேடு மூன்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள். ராணுவப் பக்கம் தவறு என்றால் யூனிட் ஆபீஸ் மூலம் எழுதிக் கொடுத்து, பார்ட் டூ ஆர்டர் (பதிவேட்டு மாற்றத்தை அறிவிக்கும் யூனிட் ஆணை) வெளியாகி, ரெக்கார்ட் ஆபீஸில் திருத்தம் ஏறியதா என்று பாருங்கள். ஆர்டர் போட்டாயிற்று என்று கிளார்க் சொன்னதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஆர்டரின் எண்ணும் தேதியும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வெளியே வந்தவர்: ஆதாரைத் திருத்துவது எளிது, டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்துவது கடினம். ஆகவே பள்ளிச் சான்றிதழும் டிஸ்சார்ஜ் புக்கும் ஒத்திருந்தால், ஆதாரை அவற்றுக்கு ஏற்பத் திருத்துங்கள். டிஸ்சார்ஜ் புக்கிலேயே தவறு என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். நேரடியாகத் தபால் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகம் வழியாகப் போகும் கடிதத்துக்கு ஒரு கோப்பு எண் இருக்கும், அதைச் சொல்லித் தொடர்ந்து கேட்கலாம்.

பணிக்காலம் முழுக்கக் குவார்ட்டர்ஸ் முகவரியிலேயே ஆதார் வைத்திருந்தவர்கள், விண்ணப்பிக்கும் முன் ஊர் முகவரிக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பம் வேறு மாநிலத்துக் கணக்கில் போய் நிற்கும்.

3. யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் டிரில் நடக்கும் நாட்களில் ஆளுக்கு ஆள் வழியனுப்பு விருந்து, பெட்டி கட்டுவது, கேன்டீன் கணக்கு முடிப்பது என்று நேரம் ஓடிவிடும். அந்த வாரத்தில் இதையெல்லாம் கேட்டால் கிடைக்காது. ஆறு மாதத்துக்கு முன்பே கேளுங்கள்.

முதல் தாள், ராணுவ டிரைவிங் லைசென்ஸ். அதைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னால், ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து, ஓர் அதிகாரியின் கையொப்பமும் ரப்பர் ஸ்டாம்பும் வாங்கிவிடுங்கள். "முன்பு வைத்திருந்தவர்" என்று சட்டம் சொல்வதற்கு ஆதாரம் இந்த நகல்தான்.

இரண்டாவது, கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட்ட ஓட்டுநர் அனுபவச் சான்று. இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். யூனிட் கிளார்க் வழக்கமாக அடித்துக் கொடுப்பது இரண்டே வரி: "இவர் இந்த யூனிட்டில் டிரைவராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்." இதை வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒன்றும் நடக்காது. சான்றில் இவை இருக்க வேண்டும்:

- ஆர்மி நம்பர், ரேங்க், முழுப்பெயர் (2-வது படியில் சரிபார்த்த அதே எழுத்துகளில்)
- ராணுவ லைசென்ஸ் எண், வழங்கிய தேதி, எதுவரை செல்லும்
- ஓட்டிய வண்டிகளின் பெயரும் மொத்த எடையும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை
- விபத்து ஏதும் இல்லை என்றால் அந்த வரி
- கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, யூனிட் முத்திரை, தேதி

எடையை ஏன் எழுதச் சொல்கிறேன்? ராணுவ லைசென்ஸில் ஹெவி என்று போட்டிருக்கும். சிவில் சட்டத்திலோ 1994 திருத்தத்துக்குப் பிறகு மீடியம், ஹெவி என்ற தனித்தனி வகைகள் போய், "டிரான்ஸ்போர்ட் வாகனம்" என்ற ஒரே வகை வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதானா என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். 12,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இத்தனை வருடம் ஓட்டினார் என்று சான்று சொல்லிவிட்டால், அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

மூன்றாவது, டிரைவர் பயிற்சி முடித்த சான்று. பெங்களூரு ஏ.எஸ்.சி. (ராணுவ வழங்கல் பிரிவு) சென்டரிலோ உங்கள் ரெஜிமென்ட் சென்டரிலோ பயிற்சி எடுத்திருப்பீர்கள். டிரான்ஸ்போர்ட் வகைக்கு விண்ணப்பிக்கும்போது டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்று கேட்பது வழக்கம். அங்கே ராணுவப் பயிற்சிச் சான்றை முன்வைத்துப் பேச இது வேண்டும். ஏற்கவில்லை என்றால் அங்கீகாரம் பெற்ற ஸ்கூலில் சேர்ந்து படிவம் 5 வாங்கிக்கொள்வது வாதாடிக்கொண்டிருப்பதைவிட வேகமான வழி.

மற்றபடி டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகியவை எப்படியும் வரும். அடையாள அட்டையை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வாங்குங்கள். வேலைவாய்ப்புப் பதிவையும் அதே நாளில் அங்கேயே முடித்துவிடலாம்.

வெளியே வந்த பிறகு அனுபவச் சான்று வேண்டும் என்றால், கடைசி யூனிட்டின் ஹெட் கிளார்க்கைப் பிடியுங்கள். வருடம் கூடக்கூட உங்களை நேரில் பார்த்த அதிகாரிகள் மாற்றலாகிப் போயிருப்பார்கள். அந்த நிலையில் உங்கள் ஆர்மி நம்பரோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி, டிரேடும் பணிக்காலமும் குறித்த சான்று கேளுங்கள்.

4. ஓராண்டுக் கணக்கு: லீவில் வரும்போதே எல்.எம்.வி. எடுங்கள்

சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எல்.எல்.ஆர். வேண்டும் என்றால், குறைந்தது ஓராண்டு இலகு ரக வாகன (எல்.எம்.வி.) லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ராணுவ லைசென்ஸ் அந்த ஓராண்டுக்குக் கணக்காகுமா என்று கவுன்டரில் நின்று விவாதிப்பதைவிட, சிவில் எல்.எம்.வி. லைசென்ஸை முன்கூட்டியே கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

டிஸ்சார்ஜுக்கு ஒன்றரை வருடம் முன்பு வரும் ஆண்டு லீவில் இதை எடுத்துவிடுங்கள். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் தேர்வு என்பதால், லீவின் முதல் வாரத்திலேயே எல்.எல்.ஆர். போட வேண்டும். கடைசி வாரத்தில் போட்டுவிட்டு, தேர்வுக்கு வர முடியாமல் அதை ஆறு மாதத்தில் காலாவதி ஆக்கியவர்கள் நிறையப் பேர்.

2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்த லைசென்ஸ் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. குடும்பம் வேலூரில், மாமனார் வீடு சேலத்தில் என்று இருப்பவருக்கு இது உதவும்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு உண்மையில் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் வேண்டுமா? 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு, வாடகை வண்டிகளைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வாங்கித் தக்காளி லோடு அடிக்கப் போகிறவருக்கு எல்.எம்.வி. போதும். லாரி, பஸ், டிப்பர், டேங்கர் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

5. மருத்துவச் சான்று: ஷேப்-1 என்பது இங்கே செல்லாது

"நான் ஷேப்-1-இல் டிஸ்சார்ஜ் ஆனவன், எனக்கு எதற்கு மெடிக்கல்" என்று கேட்காதவர் இல்லை. ஷேப்-1, அதாவது முழு உடல் தகுதி என்ற ராணுவ மருத்துவ வகைப்பாடு, ராணுவத்துக்கு மட்டும்தான். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்குப் பதிவுபெற்ற மருத்துவர் படிவம் 1ஏ-வில் தரும் சான்று வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் எந்த வகை லைசென்ஸுக்கும் இது தேவை.

கண்ணையும் காதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்கும், வருடக்கணக்கில் பெரிய இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் கேட்கும் திறன் குறைந்திருப்பது சகஜம். நமக்கே தெரிவதில்லை, வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் தெரியும். நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் பற்றிய கேள்வியும் படிவத்தில் இருக்கிறது.

ஊனப் பென்ஷன் வாங்குபவர்கள் இந்த இடத்தில் பயந்து எதையாவது மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். முழங்கால் தேய்மானத்துக்குப் பென்ஷன் வாங்குவதாலேயே லைசென்ஸ் மறுக்கப்படாது. வண்டி ஓட்டுவது பிறருக்கு ஆபத்தாகுமா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒரு கோப்பில் "காது கேட்கவில்லை" என்றும், இன்னொரு கோப்பில் "எந்தக் குறையும் இல்லை" என்றும் நீங்களே கையெழுத்துப் போட்டு வைத்தால், விபத்து நாளில் அந்த இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்.

6. சாரதி தளத்தில் விண்ணப்பம்

விண்ணப்பம் சாரதி பரிவாகன் தளத்தில்தான் தொடங்குகிறது. விண்ணப்பதாரர் எந்த வகையினர் என்று கேட்கும் இடத்தில் நிதானியுங்கள். பாதுகாப்புப் படை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அங்கே தனித் தெரிவு உண்டு. இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் வழக்கம்போல் "எந்த லைசென்ஸும் இல்லாதவர்" என்பதை அழுத்திவிடுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் அப்படித்தான் வருகிறார்கள். அழுத்திவிட்டால் பதினெட்டு வயதுப் பையனோடு வரிசையில் நிற்பீர்கள், தேர்வு விலக்கு பற்றிப் பேசவே முடியாது. பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள்.

சிவில் எல்.எம்.வி. ஏற்கெனவே இருந்தால், அதில் டிரான்ஸ்போர்ட் வகையைச் சேர்க்கும் விண்ணப்பமாகப் போகும். எல்.எல்.ஆர். இல்லாமல் நேராக ஏற்பார்களா, எல்.எல்.ஆர். போட்டுவிட்டு வரச் சொல்வார்களா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை வேறுபடுகிறது. அதனால் பணம் கட்டும் முன்பு ஒரு நாள் தாள்களோடு நேரில் போய் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். காலை பதினொன்றுக்கு மேல் அவர் தேர்வு மைதானத்தில் இருப்பார். பத்து மணிக்கே போய்விடுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது அனுபவச் சான்றின் முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். செல்போனில் எடுத்த மங்கலான படத்தில் வட்ட முத்திரை கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். அதற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் ஒன்றல்ல, இரண்டல்ல. அசல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வைத்து எடுத்துப் போங்கள்.

7. "தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்" என்று சொன்னால்

சொல்வார்கள். ராணுவ லைசென்ஸோடு வருபவரை வருடத்தில் ஒருமுறை பார்க்கும் அலுவலகத்துக்கு 9-வது பிரிவின் அந்த வரி நினைவில் இல்லாமல் போவது இயல்பு. குரலை உயர்த்தாதீர்கள். "நாட்டுக்காக உழைத்தவன்" என்று ஆரம்பித்தால் காரியம் கெடும்.

ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். 18-வது பிரிவின்கீழ் லைசென்ஸ் பெற்றிருந்தேன், எண் இது, வகை இது, 9-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவுப்படி தேர்வு விலக்கு கோருகிறேன், இணைப்புகள் இவை. அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டிவரும். பெரும்பாலும் அங்கேயே சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடுவார்கள்.

அவசரமாக வேலையில் சேர வேண்டியவர்கள் தேர்வையே கொடுத்துவிடலாம். ஆனால் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். பதினைந்து வருட அனுபவசாலி ரிவர்ஸில் தோற்றதை நானே பார்த்தேன். காரணம் எளிது: படையில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கோ-டிரைவர் இறங்கிப் பின்னால் நின்று சைகை காட்டுவார். அந்தப் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்து திரும்பவே இல்லை. பின் சக்கரம் கோட்டில் ஏறியது. ஒரு வாரம் ஏதாவது லாரி ஷெட்டில் தனியாக ரிவர்ஸ் பழகிவிட்டுப் போனால் போதும்.

தேர்வுக்குக் கொண்டுபோகும் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இரவல் வண்டி என்றால் இரண்டு முறை பாருங்கள்.

8. பெட்ரோல் டேங்கர் ஓட்ட நினைப்பவர்களுக்கு

ஏ.எஸ்.சி.-யில் எரிபொருள் வண்டி ஓட்டியவர்கள் நேராக டேங்கர் வேலைக்குப் போக நினைப்பார்கள். நல்ல யோசனை; சம்பளமும் கூடுதல். ஆனால் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் மட்டும் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-வது விதிப்படி, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் அந்த அனுமதியை ஏற்ற வேண்டும். ஆங்கிலமும் ஓர் இந்திய மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதே விதி. சரக்கோடு வரும் எச்சரிக்கைத் தாளை வழியில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியது டிரைவர்தான் என்பதால் இந்த நிபந்தனை. படையில் எத்தனை வருடம் எரிபொருள் ஏற்றியிருந்தாலும் இந்த மூன்று நாளைத் தவிர்க்க முடியாது.

9. வேறு டிரேடில் இருந்தவர்களுக்கு

எலக்ட்ரீஷியன்கள் முதலில் தங்கள் டிரேடின் முழுப்பெயரைப் பார்க்க வேண்டும். இ.எம்.இ.-யில் (ராணுவத்தின் இயந்திர, மின்னணுப் பழுதுபார்ப்புப் பிரிவு) வாகன எலக்ட்ரீஷியனாக இருந்தவரின் அனுபவம் வண்டி ஒயரிங்கில்தான்; கட்டட ஒயரிங்குக்கு அது பொருந்தாது. எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) போன்ற இடங்களில் கட்டட வேலை செய்தவர்கள் அனுபவச் சான்றில் "ஒயரிங்" என்ற சொல்லும், வருடக்கணக்கும் வரும்படி வாங்குங்கள். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம்தான் தகுதிச் சான்று தருகிறது. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு ஐந்து ஆண்டு ஒயரிங் அனுபவமும் 21 வயதும் வேண்டும். தேர்வு அரசு ஐ.டி.ஐ.-களில் நடக்கும். அறிவிப்பு வரும் நேரத்தில் சான்று தேடினால் தேதி போய்விடும்.

நர்சிங் அசிஸ்டன்ட்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றிய கை உங்களுடையது, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் நர்சிங் கவுன்சில் பதிவு அங்கீகரிக்கப்பட்ட நர்சிங் படிப்பு முடித்தவர்களுக்கே. பதிவு இல்லாமல் ஏதாவது மருத்துவமனை "ஸ்டாஃப் நர்ஸ்" என்று போர்டு மாட்டி வேலை கொடுத்தால், ஏதாவது ஆகும்போது நிறுவனம் நழுவிவிடும், நீங்கள் மாட்டுவீர்கள். சான்றுக்கு ஏற்ற பதவிப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவருக்குத் தனி லைசென்ஸ் கிடையாது. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005-இன்படி லைசென்ஸ் வாங்க வேண்டியது ஏஜென்சி. ஆனால் காவலாளிக்குப் பயிற்சிச் சான்றும் போலீஸ் சரிபார்ப்பும் வேண்டும். மற்றவர்களுக்கு வகுப்பறையில் 100 மணி, களத்தில் 60 மணி என்றிருக்கும் பயிற்சி, முன்னாள் படைவீரருக்கு 40 மணி, 16 மணி என்று குறைகிறது. இந்தச் சலுகையைச் சொல்லாமல் முழுப் பயிற்சிக்கும் பணம் கறக்கும் ஆட்கள் உண்டு. சொந்தமாக ஏஜென்சி தொடங்குபவர் ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000 என்று கட்டணம் கட்ட வேண்டும். லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். முதலில் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் எடுங்கள். ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், மாவட்டம் அல்ல.

"உங்கள் பேரில் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து வாருங்கள், பேங்க் டியூட்டிக்கு இரட்டைச் சம்பளம்" என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை. தற்காப்புக்கென்று மாவட்ட ஆட்சியரிடம் பெற்ற உரிமத்தைக் கூலி வேலைக்குப் பயன்படுத்துவது, அந்த உரிமம் தரப்பட்ட நோக்கத்துக்குப் புறம்பானது. உரிமமும் போகும், வழக்கும் வரும்.

விமானப் படை டெக்னீஷியன்கள் விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸுக்கு டி.ஜி.சி.ஏ.-வின் (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வுகளைத் தாண்ட வேண்டும். படை விமானத்தில் பெற்ற அனுபவம் கணக்கில் வரும், ஆனால் அதோடு சிவில் விமானப் பராமரிப்பு அனுபவமும் கேட்பார்கள். தேர்வுப் பகுதிகளைப் பணியில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தவர்கள்தான் முன்னேறியிருக்கிறார்கள். கடற்படையினர் வணிகக் கப்பலுக்குப் போவதற்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் 2020-இல் தனி மாற்றத் திட்டம் கொண்டுவந்தது. கடலில் கழித்த நாட்களின் கணக்கைக் கப்பல்வாரியாகக் கையெழுத்தோடு வாங்கி வைப்பதுதான் அங்கே முதல் வேலை.

எந்த டிரேடாக இருந்தாலும், பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முந்தைய காலத்தில் நடத்தும் பயிற்சிகளுக்கு ஜே.சி.ஓ.-க்களும் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) மற்ற ரேங்க்காரர்களும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. யூனிட் வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும். ஊருக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு கோர்ஸை எடுக்காமல், கடைசியில் லைசென்ஸுக்கு உதவும் சான்று கிடைக்கிறதா என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

10. அக்னிவீர் தம்பிகளுக்கு

2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் முதல் அணி அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் சேர்ந்தது. நான்கு ஆண்டுதான். ஆற அமரச் செய்ய உங்களுக்கு நேரமில்லை.

இத்திட்டத்தில் முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. ஆகவே அந்தத் தகுதியை வைத்து வரும் சலுகைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆனால் டிரைவராக இருப்பவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தின் தேர்வு விலக்கு "முன்னாள் படைவீரர்" என்று சொல்லவில்லை, 18-வது பிரிவு லைசென்ஸ் என்றுதான் சொல்கிறது. பென்ஷன் புத்தகம் அதற்குத் தேவையில்லை. அனுபவச் சான்றுதான் உங்கள் சொத்து.

டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், எல்.எம்.வி. ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் வருட லீவிலேயே எல்.எம்.வி. எடுத்துவிட்டால், நான்காம் வருடம் வெளியே வரும்போது இரண்டு கணக்கும் சரியாக இருக்கும்.

11. லைசென்ஸ் வந்த பிறகு

அட்டை வந்ததும் பெயரையும் வண்டி வகையையும் அன்றே படித்துப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து ஆண்டும், ஆபத்தான சரக்கு அனுமதி மூன்று ஆண்டும்தான் செல்லும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டுநர் தேர்வு கொடுக்க வேண்டும்.

ராணுவ லைசென்ஸின் நகலையும் யூனிட் சான்றையும் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து வையுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகமோ பெரிய நிறுவனமோ டிரைவர் வேலைக்கு அழைக்கும்போது, லைசென்ஸ் வாங்கிய தேதியை மட்டும் பார்த்து "உங்களுக்கு ஆறு மாத அனுபவம்தானே" என்பார்கள். அன்றைக்கு அந்த உறையை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும்.